ஒரு சுண்டெலி மரபணு எங்கே வெளிப்படுகிறது, என்ன செய்கிறது: லெப்டினை வைத்துப் படிப்படியாக

"இந்த மரபணு சுண்டெலியில் எங்கே வெளிப்படுகிறது, என்ன வேலை செய்கிறது, பார்த்துச் சொல்." உயிரியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவருக்குக் கிடைக்கும் முதல் வேலைகளில் இதுவும் ஒன்று. கேட்க ஒரே கேள்வி போல இருக்கும். உண்மையில் இரண்டு. எந்த உயிரணுவில், எப்போது, எவ்வளவு என்பது வெளிப்பாட்டைப் பற்றியது. அது இல்லாவிட்டால் என்ன கெடுகிறது, திருப்பிக் கொடுத்தால் எது சரியாகிறது என்பது செயல்பாட்டைப் பற்றியது. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலையே இரண்டாவதற்கும் பதிலாக எழுதிவிடுவதுதான் புதியவர்களின் அறிக்கைகளில் நான் அதிகம் பார்க்கும் குறை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டையும் பிரித்து வைத்தே போகிறது.

உதாரணத்துக்கு லெப் என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். லெப்டின் என்ற ஹார்மோனை உருவாக்கும் மரபணு இது. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. இதன் ஆர்என்ஏ மூளையில் தேடினால் கிட்டத்தட்டக் கிடைக்காது. ஆனால் இதன் முக்கியமான வேலை மூளையில்தான் நடக்கிறது. இன்னொன்று, இந்த மரபணு பழுதான ஒரு வகைச் சுண்டெலியில் இதன் ஆர்என்ஏ குறைவதற்குப் பதிலாகப் பல மடங்கு ஏறிவிடுகிறது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டவர் வேறு எந்த மரபணுவை எடுத்தாலும் தடுமாற மாட்டார்.

முதல் படி: பெயரை உறுதிசெய்யுங்கள்

இதில் அரை மணி நேரம் செலவழித்தால் பின்னால் பல நாள் மிச்சம். சுண்டெலி மரபணுக்களின் அதிகாரபூர்வமான பெயர்களை ஜாக்சன் ஆய்வகம் நடத்தும் எம்ஜிஐ தரவுத்தளம் வைத்திருக்கிறது. அங்கே போய் உங்கள் மரபணுவின் இப்போதைய குறியீடு, பழைய பெயர்கள், அடையாள எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். லெப் மரபணுவின் பழைய பெயர் ஓபி. 1994-க்கு முந்தைய கட்டுரைகளில் லெப் என்று தேடினால் ஒன்றும் வராது, ஓபி என்று தேட வேண்டும். லெப்டினைப் பிடித்து உயிரணுவுக்குச் செய்தி சொல்லும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். அந்த ஏற்பியின் மரபணு இப்போது லெப்ஆர். பழைய கட்டுரைகளில் டிபி.

எழுதும் முறையிலும் ஒரு மரபு உண்டு. ஆங்கில எழுத்தில் எழுதும்போது சுண்டெலி மரபணுவுக்கு முதல் எழுத்து மட்டும் பெரியது, மற்றவை சிறியவை, சாய்வெழுத்து. மனித மரபணுவுக்கு எல்லாமே பெரிய எழுத்து. புரதத்தைக் குறிக்கும்போது இரண்டு இனத்துக்கும் பெரிய எழுத்து, சாய்வு இல்லை. இதைச் சரியாக எழுதினாலே, நீங்கள் எந்த இனத்தின் எதைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அட்டவணையில் பெயரோடு சேர்த்து அடையாள எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். என்சிபிஐ தரவுத்தளத்தில் சுண்டெலி லெப்பின் எண் 16846. பெயர் மாறலாம், எண் மாறாது. எக்செல் மென்பொருள் சில மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும் தொல்லை எல்லா ஆய்வகங்களும் அறிந்தது. அதன் காரணமாகவே 2020-இல் சில மனித மரபணுக்களின் குறியீடுகளையே மாற்ற வேண்டியிருந்தது. கோப்பைத் திறக்கும் முன் மரபணுப் பெயர்கள் உள்ள நெடுவரிசையை 'உரை' என்று அமைத்துவிட்டால் போதும்.

இரண்டாம் படி: மரபணுவின் அமைப்பையும் புரதத்தையும் பாருங்கள்

என்செம்பிள் அல்லது யூசிஎஸ்சி ஜீனோம் உலாவியில் மரபணுவைத் திறங்கள். எந்த மரபணுத்தொகுப்புப் பதிப்பு என்று முதலில் கவனியுங்கள். இப்போதையது ஜிஆர்சிஎம்39. பழைய தரவுகள் பல ஜிஆர்சிஎம்38-இல் இருக்கின்றன. எம்எம்10 என்பதும் அதுதான். இரண்டிலும் இட எண்கள் ஒன்றாக இருக்காது. ஒரு பதிப்பின் எண்ணை எடுத்து இன்னொன்றில் தேடினால் வேறு இடத்துக்குப் போய் நிற்பீர்கள். இரண்டுமே சி57பிளாக்/6ஜே என்ற ஒரே சுண்டெலி வகையின் வரிசைகள் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் சுண்டெலி வேறு வகை என்றால் வரிசையில் சிறு வேறுபாடுகள் இருக்கும்.

லெப் ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. மூன்று எக்ஸான்கள், அதாவது முதிர்ந்த ஆர்என்ஏவில் தங்கும் துண்டுகள். புரதத்துக்கான குறிப்பு இரண்டாவது, மூன்றாவது எக்ஸான்களில் மட்டுமே இருக்கிறது. இந்தத் தகவல் நான்காம் படியில் பிரைமர் என்ற சிறு டிஎன்ஏ துண்டுகளை வடிவமைக்கும்போது நேரடியாகப் பயன்படும்.

அடுத்து யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளம். சுண்டெலி லெப்டினின் பதிவு எண் பி41160. அங்கே பார்க்க வேண்டியது: நீளம் 167 அமினோ அமிலம். முதல் 21 அமினோ அமிலங்கள் ஒரு முகவரிச் சீட்டு போல. புரதத்தை உயிரணுவுக்கு வெளியே அனுப்பும் வழியில் செலுத்திவிட்டு வெட்டப்பட்டுவிடும். மீதி 146 அமினோ அமிலம், ஏறத்தாழ 16 கிலோடால்டன் எடை, இரத்தத்தில் ஓடுகிறது. இந்த ஒரு வரி செயல்பாட்டைப் பற்றிய முதல் துப்பு. வெளியே போகும் புரதம் என்றால், தயாராகும் இடமும் வேலை செய்யும் இடமும் வேறாக இருக்கலாம். அப்படியானால் மரபணுவை மட்டும் தேடிப் பயனில்லை, அதன் ஏற்பி எங்கே இருக்கிறது என்பதையும் தேட வேண்டும். வெளியே போகாத புரதங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதனால்தான் இதை முதலிலேயே பார்த்துவிடச் சொல்கிறேன்.

யூனிப்ராட்டிலும் எம்ஜிஐயிலும் ஒவ்வொரு புரதத்துக்கும் 'இன்ன செயல்பாடு' என்று ஜீன் ஆன்டாலஜி வரிகள் வரிசையாக இருக்கும். அவற்றை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றெழுத்துச் சான்றுக் குறியீடு இருக்கும். ஐஎம்பி என்றால் பிறழ்வு கொண்ட விலங்கில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து வந்த முடிவு. ஐடிஏ என்றால் நேரடிச் சோதனை. ஐஇபி என்றால் வெளிப்பாட்டுப் பாங்கை மட்டும் வைத்து ஊகித்தது. ஐஇஏ என்றால் மனிதர் யாரும் தனித்தனியாகச் சரிபார்க்காமல் கணினி சேர்த்தது. என் கணக்கில் முதல் இரண்டும் ஆதாரம், பின்னிரண்டும் துப்பு. ஒரு மரபணுவின் வரிகளெல்லாம் ஐஇஏ என்றே இருந்தால், அதன் செயல்பாடு சுண்டெலியில் இன்னும் சோதிக்கப்படவில்லை என்று எழுதுங்கள். அது நேர்மையான பதில்.

மூன்றாம் படி: பொதுத் தரவுகளில் வெளிப்பாட்டைப் படியுங்கள்

ஒரு சுண்டெலியைக்கூடத் தொடாமல் நிறையத் தெரிந்துகொள்ளலாம். விலங்குகளை வீணாக்காமல் இருக்கவும் இதுதான் முதல் வழி. ஏற்கெனவே கிடைக்கும் பதிலுக்காக இன்னொரு விலங்கைக் கொல்வதை நான் ஏற்பதில்லை.

எங்கே தேடுவது? கருவளர்ச்சிக் காலத்துக்கு எம்ஜிஐயின் ஜிஎக்ஸ்டி பகுதி. திசுக்களை ஒப்பிட ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் எக்ஸ்பிரஷன் அட்லஸ். மூளைக்கு ஆலன் மூளை வரைபடம். வளர்ந்த சுண்டெலி மூளையின் வெட்டுகளில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஆர்என்ஏ எங்கே இருக்கிறது என்று படமாகவே பார்க்கலாம். தனி உயிரணுக்களுக்கு, 2018-இல் வெளிவந்த டாபுலா மூரிஸ். 20 உறுப்புகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் உயிரணுக்கள்.

லெப்பைத் தேடினால் வெண்கொழுப்புத் திசுவில் உயரமாகவும் மற்ற பெரும்பாலான திசுக்களில் மிகத் தாழ்வாகவும் காட்டும். லெப்ஆரைத் தேடிவிட்டு, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியை ஆலன் வரைபடத்தில் பாருங்கள். அங்கே ஆர்க்குவேட் உட்கரு என்ற நரம்பணுத் தொகுப்பில் அது தெரியும். ஒன்று கொழுப்பில், இன்னொன்று மூளையில். கதையின் பாதி இங்கேயே வந்துவிட்டது.

சரி, இப்போது டாபுலா மூரிஸில் கொழுப்புத் திசுவைத் திறந்து லெப்பைத் தேடுங்கள். ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. புதியவர்கள் இங்கே குழம்பிவிடுவார்கள்: ஒரு தரவு கொழுப்பில் அதிகம் என்கிறது, இன்னொரு தரவு கொழுப்பில் இல்லை என்கிறது. எது பொய்? இரண்டும் உண்மைதான். தனி உயிரணுவைப் பிரிக்க, கொழுப்புத் திசுவைக் கொலாஜினேஸ் நொதியில் ஊறவைத்துக் கரைத்து, பிறகு சுழற்றுவார்கள். முதிர்ந்த கொழுப்பணு முழுக்க எண்ணெய்த்துளியாக இருப்பதால் மேலே மிதந்துவிடும். இரத்தக்குழாய் உயிரணுக்கள், நோயெதிர்ப்பு உயிரணுக்கள், முன்னோடி உயிரணுக்கள் எல்லாம் கீழே படியும். வரிசைப்படுத்தப் போவது கீழே படிந்தவை மட்டும். லெப்பை உருவாக்கும் உயிரணு மேலே மிதந்தபடியே கழிந்துபோகிறது. அதனால்தான் கொழுப்பணுவைப் படிக்க விரும்புகிறவர்கள் முழு உயிரணுவை விட்டுவிட்டு உட்கருக்களை மட்டும் பிரித்து வரிசைப்படுத்துகிறார்கள். உட்கரு மிதக்காது, பெரிய கொழுப்பணுவாக இருந்தாலும் கருவிக்குள் போகும்.

ஆகவே ஒரு தரவில் உங்கள் மரபணு பூஜ்யம் என்று வந்தால், 'வெளிப்படவில்லை' என்று எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அதை உருவாக்கும் உயிரணு அந்தத் தயாரிப்பில் இருந்ததா? இதே சிக்கல் பெரிய நரம்பணுக்களுக்கும், பல உட்கரு கொண்ட தசை நார்களுக்கும் உண்டு.

அளவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிபிஎம் என்ற அலகு, அந்த மாதிரியில் இருக்கும் பத்து லட்சம் ஆர்என்ஏ மூலக்கூறுகளில் இந்த மரபணுவுடையவை எத்தனை என்று தோராயமாகச் சொல்வது. அது ஒரு பங்கு. வேறு ஏதோ ஒரு மரபணு தாறுமாறாக ஏறினால் மற்றவற்றின் பங்கு தானாகக் குறையும். வெவ்வேறு ஆய்வகங்களின் டிபிஎம் எண்களைப் பக்கத்தில் வைத்து 'இங்கே இரு மடங்கு' என்று சொல்லாதீர்கள். ஒரே ஆய்வுக்குள் ஒப்பிடுங்கள். எண்ணைக் குறிக்கும்போதே சுண்டெலியின் வகை, பால், வயது, உண்ட நிலையா பட்டினியா என்பதையும் எழுதுங்கள். லெப் விஷயத்தில் கடைசி விவரம் இல்லாத எண்ணுக்கு மதிப்பே இல்லை.

நான்காம் படி: ஆர்என்ஏவை நீங்களே அளக்க வேண்டி வந்தால்

பொதுத் தரவில் பதில் இல்லாத கேள்விக்கு மட்டும் இந்தப் படி. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். சுண்டெலியைக் கையாளப் பயிற்சி பெற்றவர் கூடவே இருக்க வேண்டும்.

எப்போது திசுவை எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சுண்டெலி இரவில் உண்ணும் விலங்கு. பட்டினி போட்டால் லெப் ஆர்என்ஏவும் இரத்த லெப்டினும் இறங்கும். ஒரு குழுவைக் காலையிலும் அடுத்த குழுவை மாலையிலும் எடுத்தால், நீங்கள் அளப்பது சாப்பாட்டு நேரத்தை. எல்லா விலங்குகளையும் ஒரே நேரத்தில், முடியாவிட்டால் குழுக்களை மாற்றி மாற்றி எடுங்கள். எந்தக் கொழுப்பு என்பதும் முக்கியம். ஆண் சுண்டெலியில் விந்தகத்தை ஒட்டிய கொழுப்பையும், தொடை இடுக்கில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பையும் பெரும்பாலும் எடுப்பார்கள். இரண்டையும் ஒரே குப்பியில் கலக்கக் கூடாது. எடுத்த உடனே திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிடுங்கள்.

கொழுப்புத் திசுவிலிருந்து ஆர்என்ஏ எடுப்பது கல்லீரலிலிருந்து எடுப்பது போல் இருக்காது. எடையில் பெரும்பகுதி எண்ணெய் என்பதால் ஆர்என்ஏ குறைவாகக் கிடைக்கும், அந்த எண்ணெயே தொல்லையும் தரும். டிரைசால் என்ற, ஆர்என்ஏ பிரிக்கும் கரைசலில் நன்றாக அரைத்த பிறகு, குளோரோஃபார்ம் சேர்க்கும் முன்னால், குளிர்ந்த நிலையில் ஒருமுறை வேகமாகச் சுழற்றுங்கள். மேலே ஒரு கொழுப்புப் படலம் நிற்கும். பிப்பெட் முனையைப் படலத்தின் ஓரமாக உள்ளே விட்டு, கீழே இருக்கும் தெளிந்த திரவத்தை மட்டும் புதுக் குப்பிக்கு மாற்றுங்கள். படலத்தில் கொஞ்சம் கூடவே வந்தால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம், திரும்பவும் சுழற்றுங்கள். இந்த ஒரு சுழற்சியைத் தவிர்ப்பதுதான் கொழுப்புத் திசு ஆர்என்ஏ கெட்டுப்போக முதல் காரணம். அப்புறம் வழக்கமான முறைதான். தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதங்களில், 260/280 விகிதம் 2-க்கு அருகில் இருக்க வேண்டும். 260/230 மிகவும் தாழ்ந்திருந்தால் டிரைசாலின் உப்புகள் தங்கியிருக்கின்றன, இன்னொருமுறை எத்தனாலில் கழுவுங்கள்.

அளப்பது நிகழ்நேரப் பிசிஆர் முறையில்: ஆர்என்ஏவை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியால் சிடிஎன்ஏ என்ற டிஎன்ஏ நகலாக மாற்றி, அதைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி, எந்தச் சுற்றில் சமிக்ஞை தெரிகிறது என்று பார்ப்பது. பிரைமர்களை இரண்டாவது எக்ஸானில் ஒன்றும் மூன்றாவதில் ஒன்றுமாக வையுங்கள். நடுவில் இன்ட்ரான் என்ற, முதிர்ந்த ஆர்என்ஏவில் இருக்காத நீளமான பகுதி இருப்பதால், மாதிரியில் டிஎன்ஏ கலந்திருந்தாலும் அது பெருகாது. என்ன இருந்தாலும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாயையும், வெறும் தண்ணீர்க் குழாயையும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். ஒரே சிடிஎன்ஏவை மூன்று குழிகளில் போட்டால் அது மூன்று மாதிரி ஆகாது, ஒரு சுண்டெலிதான். புள்ளியியலில் எண்ண வேண்டியது சுண்டெலிகளை.

மாதிரிக்கு மாதிரி மாறும் மொத்த ஆர்என்ஏ அளவைச் சமன்செய்ய உதவும் ஒப்பீட்டு மரபணு எது என்பதில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பழக்கத்தால் பலரும் காப்டிஹெச் எடுப்பார்கள். கொழுப்புத் திசுவில் அதன் அளவை இன்சுலின் மாற்றும். பருத்த சுண்டெலியில் இன்சுலின் ஏறியிருக்கும். அளவுகோலே நீளுகிறது, பிறகு எதை அளப்பது? ஆர்பிஎல்பி0, டிபிபி, ஹெச்பிஆர்டி போன்றவற்றில் இரண்டு மூன்றை எடுத்து, உங்கள் குழுக்களுக்கிடையே எது மாறாமல் நிற்கிறது என்று சோதித்த பிறகு பயன்படுத்துங்கள்.

கணக்கு எளிது. ஒரு கற்பனை எண்ணை வைத்துப் பார்ப்போம். உண்ட சுண்டெலியில் லெப் 24-ஆவது சுற்றிலும் ஆர்பிஎல்பி0 18-ஆவது சுற்றிலும் வருகிறது, வித்தியாசம் 6. பட்டினி சுண்டெலியில் லெப் 26, ஆர்பிஎல்பி0 18, வித்தியாசம் 8. இரண்டுக்கும் இடையே 2 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகிறது என்பதால், பட்டினியில் லெப் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இரட்டிப்பு என்பது பிரைமர் நன்றாக வேலை செய்தால்தான். சிடிஎன்ஏவைப் படிப்படியாக நீர்த்து ஓட்டி, திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருப்பதை முதலிலேயே உறுதிசெய்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: புரதம் இருக்கிறதா?

ஆர்என்ஏ இருந்தால் புரதம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு லெப்பை விடத் தெளிவான உதாரணம் தேடக் கஷ்டம். 1949-இல் ஜாக்சன் ஆய்வகத்தின் சுண்டெலிக் கூட்டத்தில் அளவுக்கு மீறிப் பருத்த குட்டிகள் தோன்றின. அடுத்த ஆண்டு அது ஒற்றை மரபணுவின் பிறழ்வு என்று வெளியிட்டார்கள். அதுதான் ஓபி. மரபணுவையே கண்டுபிடிக்க 1994 வரை ஆனது. ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மேன் குழு அதைச் செய்தது. பிறழ்வு ஒரே ஒரு எழுத்து. 105-ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்கான குறி 'நிறுத்து' என்ற குறியாக மாறிவிட்டது. புரதம் பாதியில் வெட்டுப்பட்டு, வேலைக்கு உதவாமல் போய்விடுகிறது.

அந்தச் சுண்டெலியின் கொழுப்பில் லெப் ஆர்என்ஏவை அளந்தபோது சாதாரணச் சுண்டெலியை விட ஏறத்தாழ 20 மடங்கு இருந்தது. கொழுப்பு ஏறிக்கொண்டே போகிறது, உயிரணு மரபணுவை மேலும் மேலும் படிக்கிறது, ஆனால் உடலுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. இங்கே ஆர்என்ஏ வரிசைப்படுத்தலை மட்டும் பார்த்த ஒருவர், 'பருமனான சுண்டெலியில் லெப் மிகை வெளிப்பாடு, அதுவே பருமனுக்குக் காரணம்' என்று எழுதியிருந்தால் அது உண்மைக்கு நேர் எதிராகப் போயிருக்கும். இதே மரபணுவில் ஓபி2ஜே என்ற இன்னொரு பிறழ்வும் உண்டு. அதில் ஆர்என்ஏவே உருவாவதில்லை. ஒன்றில் ஆர்என்ஏ குவிகிறது, மற்றதில் இல்லவே இல்லை, இரண்டு சுண்டெலிகளும் ஒரே மாதிரி பருக்கின்றன.

ஆகவே புரதத்தைத் தனியே அளக்க வேண்டும். லெப்டின் இரத்தத்தில் ஓடுவதால் சீரத்தில் எலைசா சோதனை, அதாவது ஆன்டிபாடியை வைத்துப் புரதத்தை அளப்பது, போதும். ஓபி/ஓபி சுண்டெலியின், அதாவது மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதான சுண்டெலியின், சீரத்தை ஒரு குழியில் வையுங்கள். அதில் சமிக்ஞை வந்தால், உங்கள் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். எந்த மரபணுவாக இருந்தாலும், அந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்த, புரதமே இல்லாத நாக்அவுட் திசுவை விட நல்ல எதிர்மறைக் கட்டுப்பாடு கிடையாது. விற்பவர் தரும் படத்தை நம்பி ஆன்டிபாடியை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆறாம் படி: செயல்பாடு

எடுத்துப் பார், திருப்பிக் கொடுத்துப் பார், எங்கே என்று பார். செயல்பாட்டுக்கான சான்று இந்த மூன்றிலும் வர வேண்டும்.

எடுத்துப் பார்ப்பதற்கு, யாராவது ஏற்கெனவே நாக்அவுட் செய்திருக்கிறார்களா என்று எம்ஜிஐயிலும், சர்வதேசச் சுண்டெலிப் பண்பாய்வுக் கூட்டமைப்பான ஐஎம்பிசியின் தளத்திலும் தேடுங்கள். ஓபி/ஓபி சுண்டெலி பிறக்கும்போது வித்தியாசம் தெரியாது. நான்கு வாரம் ஆகும்போது பருமன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஓயாமல் உண்ணும், இரத்தச் சர்க்கரை ஏறும், இனப்பெருக்கம் செய்யாது, உடல் வெப்பம் தாழ்ந்திருக்கும், குளிரைத் தாங்காது. பசி ஒன்றுதான் காரணமா என்று பார்க்க, மெலிந்த சுண்டெலி உண்ணும் அளவையே இதற்கும் கொடுத்து வளர்த்தார்கள். அப்போதும் இதன் உடலில் கொழுப்பு அதிகமாகவே சேர்ந்தது. அப்படியென்றால் உணவைக் குறைப்பது லெப்டினின் வேலைகளில் ஒன்று மட்டுமே. ஆற்றல் செலவையும் அது கட்டுப்படுத்துகிறது. இப்படி ஒரு அறிகுறியைப் பிரித்துப் பார்க்கும் சோதனை, பத்து அறிகுறிகளின் பட்டியலை விட மேல்.

ஓபி/ஓபி சுண்டெலிகள் இனப்பெருக்கம் செய்யாததால், ஒரு பிரதி மட்டும் பழுதான பெற்றோரை இணைக்க வேண்டும். நான்கில் ஒரு குட்டி ஓபி/ஓபியாக வரும். பருமன் தெரியும் முன்பே அடையாளம் காண, வாலின் நுனியிலிருந்தோ காதிலிருந்தோ டிஎன்ஏ எடுத்துப் பிசிஆர் செய்யலாம். அந்த ஓரெழுத்து மாற்றம் டிடிஇ1 என்ற வெட்டு நொதிக்கு ஒரு புது வெட்டிடத்தை உண்டாக்குவதால், நொதி வெட்டும் பிரதி பிறழ்வு, வெட்டாத பிரதி சாதாரணம். ஒப்பிட அதே ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகளை எடுங்கள்; வெளியிலிருந்து வாங்கிய சுண்டெலி வேண்டாம்.

வகையின் பின்புலத்தை ஒதுக்கிவிட முடியாது. அதே ஓபி பிறழ்வு சி57பிளாக்/6ஜே பின்புலத்தில் இருந்தால் சர்க்கரை நோய் மிதமாக இருக்கிறது, கணையத்தின் இன்சுலின் திட்டுகள் பெருத்து ஈடுகொடுக்கின்றன. சி57பிளாக்கேஎஸ் பின்புலத்தில் அந்தத் திட்டுகள் தேய்ந்து, நோய் கடுமையாகிறது. ஜாக்சன் ஆய்வகத்தின் டக்ளஸ் கோல்மேன் காட்டியது இது. இன்றைக்கும் சி57பிளாக்/6-இன் கிளை வகைகளான 6ஜே, 6என் இரண்டையும் 'பிளாக் 6' என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். 6ஜேயில் என்என்டி என்ற மரபணு பழுது, அது இன்சுலின் சுரப்பைப் பாதிக்கும். 6என்னில் சிஆர்பி1 பழுது, அது விழித்திரையைப் பாதிக்கும். நாக்அவுட் 6என்னிலும் கட்டுப்பாடு 6ஜேயிலும் இருந்தால், உங்கள் மரபணுவின் கணக்கில் வேறு மரபணுவின் வேலை சேர்ந்துவிடும்.

திருப்பிக் கொடுப்பதில் லெப்டினின் கதை அழகானது. மரபணு தெரிவதற்கு வெகு காலம் முன்பே கோல்மேன் இரண்டிரண்டு சுண்டெலிகளின் இரத்த ஓட்டத்தை அறுவை மூலம் இணைத்துப் பார்த்தார். ஓபி சுண்டெலியைச் சாதாரணச் சுண்டெலியோடு இணைத்தபோது ஓபி குறைவாக உண்டது. டிபி சுண்டெலியைச் சாதாரணத்தோடு இணைத்தபோது டிபிக்கு ஒன்றும் ஆகவில்லை, சாதாரணச் சுண்டெலி உண்பதை நிறுத்திப் பட்டினியில் இறந்தது. இதிலிருந்து அவர், ஓபிக்கு இரத்தத்தில் ஓடும் ஒரு பொருள் இல்லை, டிபிக்கு அந்தப் பொருளைக் கேட்கும் ஏற்பி இல்லை என்று ஊகித்தார். 1995-இல் ஆய்வகத்தில் தயாரித்த லெப்டினை ஊசியில் செலுத்தியபோது ஓபி/ஓபி சுண்டெலிகளின் உணவும் எடையும் குறைந்தன, டிபி/டிபியில் மாற்றமில்லை. அந்த டிபி வரிசைதான் சோதனையை முழுமையாக்குகிறது. ஊசி போட்ட அழுத்தத்தால் எடை குறைந்திருந்தால் டிபியிலும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? உங்கள் மரபணுவுக்கும் இப்படி, மீட்பு வேலை செய்யக்கூடாத ஒரு குழுவை யோசித்து வையுங்கள்.

எங்கே என்ற கேள்விக்குக் கிரி-லாக்ஸ்பி முறை. லாக்ஸ்பி குறிகளுக்கு நடுவே வைத்த மரபணுப் பகுதியை, கிரி என்ற நொதி இருக்கும் உயிரணுக்களில் மட்டும் வெட்டி நீக்குவது இது. ஏற்பியான லெப்ஆரை நரம்பணுக்களில் மட்டும் நீக்கினால் சுண்டெலி பருக்கிறது. மூளையில் லெப் ஆர்என்ஏ கிட்டத்தட்ட இல்லை என்று தொடக்கத்தில் பார்த்தோம். அந்த மூளைதான் லெப்டின் வேலை செய்யும் முக்கிய இடம் என்று இங்கே தெரிகிறது. கிரி மட்டும் கொண்ட உடன்பிறப்பையும் கட்டுப்பாடாக வையுங்கள், கிரியே சில வேளைகளில் விளைவை உண்டாக்கும்.

இந்த மூன்றும் முடிந்த பிறகு வெளிப்பாட்டுத் தரவுக்குத் திரும்பிப் போனால், அதே எண்கள் வேறு மாதிரி பேசும். பட்டினியில் லெப் இறங்குகிறது என்று நான்காம் படியில் பார்த்தோம். அந்த இறக்கத்துக்கு ஏதாவது பொருள் உண்டா? 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டினி கிடந்த சுண்டெலிகளுக்கு லெப்டினை வெளியிலிருந்து கொடுத்து, இரத்தத்தில் அது இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். பட்டினியில் வழக்கமாக நடக்கும் தைராய்டு ஹார்மோன் வீழ்ச்சி, இனப்பெருக்க ஹார்மோன் வீழ்ச்சி, அழுத்த ஹார்மோன் ஏற்றம் எல்லாம் மட்டுப்பட்டன. லெப்டினின் இறக்கமே உடலுக்குப் 'பட்டினி' என்று சொல்லும் செய்தி என்பது அப்போது தெரிந்தது. ஒரு வெளிப்பாட்டு மாற்றத்துக்குச் செயல்பாடு இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அந்த மாற்றத்தைத் தடுத்துப் பார்த்தாக வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

கடைசியாக மனித மரபணுவோடு ஒப்பிடுங்கள்

சுண்டெலி லெப்டினும் மனித லெப்டினும் அமினோ அமில வரிசையில் ஏறத்தாழ 84 சதவீதம் ஒத்துப்போகின்றன. 1997-இல், பிறவியிலேயே லெப்டின் இல்லாமல் கடுமையாகப் பருத்த இரண்டு குழந்தைகளை மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள். அத்தகைய குழந்தைகளுக்கு லெப்டின் ஊசி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பருமனானவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இரத்த லெப்டின் ஏற்கெனவே அதிகம். அவர்களுக்கு மேலும் லெப்டின் கொடுத்துப் பெரிய பலன் கிடைக்கவில்லை. எனவே உங்கள் குறிப்பின் கடைசிப் பத்தியில், நாக்அவுட் சுண்டெலி மனிதரின் எந்த நிலைக்கு ஒப்பானது என்று குறிப்பிட்டே எழுதுங்கள். ஓபி/ஓபி சுண்டெலி 'பருமனுக்கான மாதிரி' என்று பொதுவாக எழுதாமல், 'பிறவி லெப்டின் குறைபாட்டுக்கான மாதிரி' என்று எழுதினால் அது துல்லியம்.